வாயுவை அடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தது

அறுபதுகளில் ஒரு கோடையில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. அந்தக் கோடையை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். காமாலையின் மேல் அல்ல.

அப்போது நான் நகரத்து ஆய்வகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்காக வேலை செய்துகொண்டிருந்தேன். புரோட்டான் கற்றையை ஹீலியம் வாயுவுக்குள் விடுவோம். மோதிய அணுவிலிருந்து எலக்ட்ரான் கழன்று வரும், அணு அயனியாகிவிடும். எந்தத் திசையில், எந்த வேகத்தில் எத்தனை எலக்ட்ரான்கள் வருகின்றன என்று எண்ணுவதுதான் என் பிழைப்பு. கற்றை போகும் திசையில் அதிகம் வராது என்பது புத்தகக் கணக்கு. எனக்கோ அங்கேதான் குவியலாக வந்தது, அதுவும் புரோட்டானின் வேகத்திலேயே. கழன்ற எலக்ட்ரானைப் புரோட்டான் போகிற போக்கில் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது என்று எனக்குத் தோன்றியது.

என் வழிகாட்டி சிரிக்கவில்லை. "கற்றை நுழையுற உலோகத் துளையோட ஓரத்துல பட்டாலும் எலக்ட்ரான் வரும். வாயுவை அடைச்சிட்டு ஓட்டிப் பாருங்க. அப்பவும் குவியல் இருந்தா அது குப்பை. இல்லைன்னா அது உங்களோடது" என்றார்.

அதற்குள் கண் மஞ்சளாகி, சொந்த ஊரான செஞ்சிக்கு பஸ் ஏறிவிட்டேன். அதே இயந்திரத்தில் என்னோடு வேலை பார்த்த சக மாணவர் அந்த ஓட்டத்தைச் செய்வதாகச் சொன்னார். ஒருவர் தனியாக எடுத்த அளவை ஏற்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு விதி இருந்தது. நான் நோயாளி, வேறு வழியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தால், ஆரஞ்சுப் பழங்களோடு அந்தச் சக மாணவர் வாசலில் நிற்கிறார். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்; நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவலூர்பேட்டையில் வாங்கி வளர்த்த சேவல் குழம்பாயிற்று. எனக்கு உப்பில்லாத மோர்ச் சோறு.

"இன்னா தம்பி, கொறிக்கிற? நல்லா சாப்டு" என்று நைனா அள்ளி வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அடைச்சிட்டு ஓட்டினீங்களா?" என்றேன்.

"ஓட்டினேன்" என்றார், எலும்பைக் கடித்தபடி. "அதே குவியல். குப்பைதாங்க."

எத்தனை முறை ஓட்டினீர்கள், எண்கள் எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஆய்வகமாக இருந்தால் கேட்டிருப்பேன். எங்கள் வீட்டில் இலையின் முன் உட்கார்ந்திருப்பவரை யாரும் குறுக்கு விசாரணை செய்ய மாட்டோம். முன்பக்க அளவுகளை விட்டுவிடுகிறேன் என்று வழிகாட்டியிடம் சொல்லும்படி அவரிடமே சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன்.

உடம்பு தேறித் திரும்பியபோது துறையில் கருத்தரங்கம் நடந்துகொண்டிருந்தது. கரும்பலகையில் என் குவியல். பக்கத்தில், வாயுவை அடைத்து ஓட்டிய கோடு, தரையோடு தரையாக. பேசிக்கொண்டிருந்தது அவன். இனி அவர் என்று எழுத எனக்குக் கை வராது. துளைகளைத் துடைத்து உதவியதற்காக எனக்கு நன்றி வேறு சொன்னான்.

வெளியே வழிமறித்தேன். "குப்பைன்னு சொன்னீங்களே?"

"உடம்பு சரியில்லாத நேரத்துல உங்களுக்கு எதுக்கு டென்ஷன்னு அப்படிச் சொன்னேன். வேணாம்னு விட்டது நீங்கதானே?"

வழிகாட்டியும் அதையேதான் சொன்னார். மிஞ்சிய கோணங்களை வைத்து ஆய்வேட்டை முடித்தேன். பட்டம் வந்தது. அந்தக் குவியலைப் பற்றி யார் எழுதினாலும் அவன் பெயரைத்தான் எழுதினார்கள்.

அடுத்த விடுமுறையில் செஞ்சிக்குப் போனதும், "அந்தத் தம்பி நல்லா இருக்குதா?" என்று நைனா கேட்டார். எலக்ட்ரானை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நம்ம வூட்ல குந்தி சாப்டுக்கினேவா அப்டி சொன்னான்?"

"ஆமா நைனா. நீ ரெண்டாவது தடவை குழம்பு ஊத்தும்போது."