பதினாறு வீடுகளும் ஒரு காரும்

பத்தொன்பது வேலை நாட்கள் ஒரு மனிதர் என் காரில், எனக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் வந்தார். தோஹாவின் நஜ்மாவிலிருந்து ராஸ் லஃபானுக்குப் போக எண்பத்து மூன்று கிலோமீட்டர், திரும்பி வர எண்பத்து மூன்று. நாங்கள் இருவருமே கண்ணால் பார்த்திராத ஓர் அமெரிக்க ஊரில், வெள்ளைத் தூண்கள் வைத்த ஒரு வீட்டில் குடியிருந்த பெண்கள் அவருடைய மகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது அவர் கோபம். அந்த வீட்டில் என் மகளும் இருந்தாள். ஆகவே குற்றவாளி நான்.

ஆசிய விளையாட்டுக்காகத் தோஹாவைத் தோண்டிப் போட்டிருந்த வருடம் அது. நேற்றுப் போன வழி இன்று இருக்காது. நான் ஒரு கட்டுமானக் கம்பெனியில் அளவுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்: குழாய் எத்தனை மீட்டர், கான்கிரீட் எத்தனை கனமீட்டர். முப்பது வருடம் எண்ணிப் பழகியவனுக்கு வீட்டுக்கு வந்தாலும் எண்ணுவது நிற்காது. பேசாமல் வந்த நண்பர் அதே சைட்டில் அக்கவுண்ட்ஸ் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட ஒன்பது வயது இளையவர், என்னை அண்ணை என்பார். நஜ்மாவில் எங்களுக்கு எதிர் ஃபிளாட். இரண்டு கதவுகளுக்கும் நடுவே நான்கு தப்படி. அவர் வீட்டில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று என் மனைவி சொல்வாள். எங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று அவருடைய மனைவி சொல்வார். இதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

சொராரிட்டி என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அதற்கு முந்தைய வருடம் ஆகஸ்டில். என் மகள் அமெரிக்கக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, வகுப்பே தொடங்கவில்லை. போனில், "அப்பா, நான் ரெக்ரூட்மென்ட்ல இருக்கேன்" என்றாள். எனக்குத் தெரிந்த ரெக்ரூட்மென்ட் ஒன்றுதான். சென்னையில் ஒரு ஹோட்டல் அறை, வெளியே நாற்பது பேர் வரிசை. உள்ளே இருந்தவர் மூன்று கேள்வி கேட்டார். ஐந்தாம் நாள் மெடிக்கல், அப்புறம் விசா. படிக்கப் போன இடத்தில் அதற்குள் என்ன வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டேன். வேலைக்கு இல்லையாம், சிநேகிதத்துக்காம்.

அவள் விளக்கியதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். சொராரிட்டி என்பது மாணவிகளே நடத்தும் சங்கம். பெயருக்கு இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகள். ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு பெரிய வீடு, சமையலுக்கு ஆள், சந்தா. அந்தக் கல்லூரியில் பதினாறு சங்கங்கள், பதினாறு வீடுகள். வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய வாரம், சேர விரும்பும் புது மாணவிகள் கும்பல் கும்பலாக, வெயிலில், குதிகால் உயர்ந்த செருப்போடு, பதினாறு வீட்டுக்கும் நடக்க வேண்டும். கதவு திறந்ததும் உள்ளே இருப்பவர்கள் வாசல் நிலைக்குள் தலைக்கு மேல் தலையாக அடுக்கி நின்று கைதட்டிப் பாடுவார்கள். பிறகு இருபது நிமிடம் பேச்சு. ஒருத்தி பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருத்தி வந்து அவள் தோளைத் தொடுவாள், முதலாமவள் நழுவிவிடுவாள். ஒரு வீட்டில் மூன்று பேர் என்று வைத்தாலும் நாற்பத்தெட்டுப் பேர். நாற்பத்தெட்டுப் பேரும் கேட்பது அதே கேள்வி: எந்த ஊர், என்ன படிக்கப் போகிறாய், லீவுக்கு எங்கே போனாய். எந்த ஊர் என்ற முதல் கேள்விக்கே என் மகளுக்கு இருபது நிமிடம் போதவில்லை. பிறந்தது தோஹா, பாஸ்போர்ட் இந்தியா, இந்தியாவில் மொத்தமாக இருந்தது பதினெட்டு வருடத்தில் பதினான்கு மாதம்.

அன்று மாலை வீட்டுக்காரப் பெண்கள், வந்து போனவர்களுக்கு மார்க் போடுவார்கள். வந்தவர்களும் தங்களுக்குப் பிடித்த வீடுகளை வரிசைப்படுத்திக் கொடுப்பார்கள். கம்ப்யூட்டர் இரண்டையும் பொருத்தும். மறுநாள் காலையில், எந்தெந்த வீடு மறுபடி கூப்பிடுகிறது என்று கையில் ஒரு தாள். பதினாறு பன்னிரண்டாகும், பன்னிரண்டு ஏழாகும், கடைசி நாளில் இரண்டாகும். அந்த இரண்டில் எது முதல், எது இரண்டாவது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் உறையைப் பிரித்தால் ஒரே ஒரு வீட்டின் பெயர் இருக்கும். அதை நோக்கி ஓட வேண்டும். நிஜமாகவே ஓடுவார்களாம், புல்வெளியில், கத்திக்கொண்டு.

இதை மனைவியிடம் சொன்னேன். "நீங்க என்னைப் பாக்க வந்தப்ப பத்து நிமிஷம்கூட உக்காரல" என்றாள். "கேள்வியும் கேக்கல. கேட்டிருந்தா எனக்கும் ஒண்ணு ரெண்டு கேக்க இருந்துச்சு."

எப்படியோ என் மகளை ஒரு வீடு எடுத்துக்கொண்டது. நண்பர் அப்போது கேசரி கொண்டுவந்தார். அடுத்த வருடம் அவர் மகளுக்கும் அதே கல்லூரியில் இடம் கிடைத்தது. கிடைத்தது என்ன, அதே கல்லூரிக்குத்தான் மனுப் போட வைத்தார். "உங்கட பிள்ளை அங்க இருக்கிறா. எங்களுக்கு அது காணும்" என்றார். காணும் என்றால் அவர் ஊரில் போதும். அவருடைய மனைவி, மகள் தனியாகப் போவதை நினைத்து மே மாதத்திலிருந்தே சரியாகச் சாப்பிடவில்லை. தெரிந்த பெண்ணோடு ஒரே கூரைக்குக் கீழே இருப்பாள் என்று சொல்லித்தான் அந்த அம்மாளைச் சம்மதிக்க வைத்திருந்தார். அந்தக் கூரை என் மகளின் சங்கத்துக் கூரை. இதை என்னிடம் ஜூலையில்தான் சொன்னார், அல் கோர் ரோட்டில், மூன்றாவது ஸ்பீட் கேமராவைத் தாண்டியதும்.

"அது ஹாஸ்டல் இல்ல தம்பி. எழுதிக் குடுத்தா கிடைக்காது" என்றேன்.

"அதுதானே உங்கட பிள்ளை உள்ளுக்க இருக்கிறா. ஒரு சொல்லுச் சொன்னா முடிஞ்சுது."

"இருநூத்திப் பத்து பொண்ணுங்க மார்க் போடறாங்க. இவ ஒருத்தி."

"அண்ணை, இஞ்ச ஒரு டிரைவிங் லைசென்ஸ் எடுக்கிறதுக்கே உள்ளுக்க ஆள் வேணும். அமெரிக்காவில மட்டும் வாஸ்தா இல்லையெண்டு எனக்குச் சொல்லாதையுங்கோ."

வாஸ்தா என்றால் செல்வாக்கு, பின்கதவு, தெரிந்த ஆள். வளைகுடாவில் பத்து வருடம் இருந்த எவனையும் வாஸ்தா இல்லாத ஓர் இடம் உலகத்தில் உண்டு என்று நம்ப வைப்பது, கடலில் உப்பில்லை என்று நம்ப வைப்பது போல. நான் முறைகளை எல்லாம் விளக்கினேன். பெண்களும் வரிசை எழுதிக் கொடுப்பார்கள் என்று மூன்று முறை சொன்னேன். அது அவர் காதில் ஏறவில்லை. எனக்கும்தான் சரியாக ஏறவில்லை என்பது பிறகு தெரிந்தது.

என் மனைவியின் தொல்லை தாங்காமல், அந்தப் பெண்ணுக்காக ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று மகளிடம் கேட்டேன்.

"அப்பா, ப்ளீஸ். இதெல்லாம் கேக்கவே கூடாது" என்றாள். "அந்த வாரம் நான் அவகூட வெளிய பேசவே கூடாது. போன் கூடாது, மெசேஜ் கூடாது. வழியில பாத்தா சிரிக்கலாம். அவ்ளோதான்."

"தெரிஞ்ச பொண்ணும்மா. பச்சைக் குழந்தையிலேர்ந்து."

"அதனாலதான் ரூல்."

ஆகஸ்டில் அந்தப் பெண் விமானம் ஏறினாள். அவளுடைய அம்மா இரண்டு பொதி தட்டை வடை கட்டிக் கொடுத்திருந்தார். ஒன்று மகளுக்கு, மற்றது "அக்காவுக்கு". அக்கா என்றது என் மகளை. ஒரு பொதிக்கு முப்பத்தாறு வடை. எண்ணெய் வடிய அடுக்கியபோது நானும் அங்கே இருந்தேன். அதைக் கேட்ட என் மகள் போனிலேயே தலையில் அடித்துக்கொண்டாள். பரிசுப் பொருள் கூடாதாம். வடை பரிசாகுமா என்று கேட்டேன்.

அந்த வாரம் நான் அனுபவித்தது போதும். தினமும் காலை ஐந்து மணிக்கு நண்பர் காரில் ஏறுவார். அங்கே அப்போது முந்தைய நாள் இரவு ஒன்பது. அவர் மகள் அன்றைய நிலவரத்தைச் சொல்லி முடித்திருப்பாள்.

"பன்னிரண்டு வந்திட்டுது. உங்கட வீடு இருக்கு."

எங்கள் வீடாம். நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

"ஏழு. உங்கட வீடு இருக்கு, அண்ணை." அன்று அல் கோரில் வண்டியை நிறுத்தச் சொல்லி எனக்கு ஏலக்காய் டீ வாங்கிக் கொடுத்தார். "பிள்ளை ஏதோ செய்திருக்கிறா. நீங்கள் வெளியில சொல்லேலாது, எனக்கு விளங்குது."

"அவ ஒண்ணும் செய்யல தம்பி."

"விளங்குது, விளங்குது" என்று கண்ணைச் சிமிட்டினார்.

கடைசி நாளுக்கான இரண்டில் ஒன்று எங்கள் வீடு. அன்று அவர் கார் கண்ணாடியைத் துடைத்தார். கத்தாரில் ஆகஸ்ட் மாதத்தில் கார் கண்ணாடியைத் துடைப்பவர் சந்தோஷத்தில் இருக்கிறார் என்று பொருள்.

மறுநாள் அவர் வந்து உட்கார்ந்தார். கதவைச் சாத்திய சத்தத்திலேயே தெரிந்தது. சுங்கச் சாவடி மாதிரி இருக்கும் அந்த ராஸ் லஃபான் கேட்டில் பாஸை நீட்டும்வரை பேசவில்லை. பிறகு, என்னைப் பார்க்காமல், "கடைசி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், கதவைச் சாத்திப்போட்டினம்" என்றார். "அங்க கிடைக்கேல்லையப்பா, மற்ற வீடுதான் கிடைச்சது எண்டு பிள்ளை சொன்னவ. அழேல்லை. கெட்டிக்காரி. தாய்தான் அழுறா."

அதுதான் கடைசிப் பேச்சு. பத்தொன்பது நாள் அப்போது தொடங்கியது.

பேசாத ஒருவரோடு வண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏசியைக் குறைக்கலாமா என்று கேட்க முடியாது. ரேடியோ போட்டால் அது கேலி போலிருக்கும். கம்பெனி பஸ்ஸில் போகலாம் என்றால் அது நாலே காலுக்கே வந்துவிடும், அவருக்கு அதில் முதுகுவலி. கோபம் வந்த மனிதர் நடந்து போக முடியாத தூரத்தில் வேலையை வைத்தால் இப்படித்தான். மாலையில் வீடு திரும்பினால் எதிர்க் கதவு சாத்தியிருக்கும். குக்கர் விசில் மட்டும் கேட்கும். "அவங்க இப்ப என்கிட்ட கறிவேப்பிலைகூடக் கேக்கறதில்ல" என்று என் மனைவி என்னைப் பார்ப்பாள், வெள்ளைத் தூண் வீட்டின் தலைவி நான்தான் என்பது போல.

மகளிடம் சத்தம் போட்டேன். "கடைசி நாள் வரைக்கும் கூப்பிட்டுட்டு விடுவீங்களா? முதல் நாளே விட்டிருந்தா எனக்கு இந்தக் கதி உண்டா?" அவள், "அப்பா, நான் எதுவும் சொல்ல முடியாது" என்றாள். பிறகும் அதையே சொன்னாள். நான் போனை வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அவளே கூப்பிட்டாள். நான் சட்டை பட்டன் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அவ வந்தா அப்பா. தட்டை வடை கொண்டுவந்தா. நொறுங்கிப் போச்சு, ஆனா நல்லா இருந்துது. ரெண்டு பேரும் பின்கட்டு படியில உக்காந்து முடிச்சிட்டோம்."

"முப்பத்தாறுமா?"

"அப்பா, கேளுங்க. நாங்க அவளை விடல. அவதான் எங்களை ரெண்டாவதா எழுதியிருக்கா."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். வீடுகள் பெண்களைத் தள்ளும் என்பது எனக்குப் புரிந்திருந்தது. நம் வீட்டுப் பெண் ஒரு வீட்டைத் தள்ளுவாள் என்று எங்கள் இருவருக்கும் ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

"ஏனாம்?"

மகள் அந்தப் பெண் பேசியது போலவே பேசிக் காட்டினாள். "'கோவிக்காதேங்கோ அக்கா. உங்கட வீட்டில இருந்தா நான் எத்தின மணிக்கு வந்தனான், ஆரோட வந்தனான் எண்டெல்லாம் விடிய அஞ்சு மணிக்கு அந்தக் காருக்குள்ள கதைப்பினம்.' இதான் சொன்னா."

"நான் எப்பம்மா அப்படியெல்லாம் பேசினேன்?"

"அப்பா. போன வருஷம் எனக்கு ஃபீவர்னு அங்கிள் எனக்குப் போன் பண்ணி விசாரிச்சார், அம்மாவுக்குத் தெரியறதுக்கு முன்னால. என்னோட ஜிபிஏ அவருக்கு ரெண்டு டெசிமல் வரைக்கும் தெரியும்."

ஒருவர் கேட்டால் சொல்லாமல் இருப்பதா? ஒரு மணி நேரப் பயணத்தில் பின் எதைத்தான் பேசுவது, கான்கிரீட்டையா?

"அங்கிள்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். "அவ கெஞ்சிக் கேட்டா. கிடைக்கலன்னு சொன்னா அவருக்கு எங்க மேல கோவம் வரும், ஒரு மாசத்துல போயிடும். வேணாம்னு எழுதினேன்னு தெரிஞ்சா அவ அம்மாவுக்கு தாங்காது."

அந்தச் சங்கத்துக்கு ஒரு சந்தாவும் கட்டாமல் எனக்கும் ஒரு மௌன விதி வந்து சேர்ந்தது. அன்றும் அடுத்த ஏழு நாளும் உண்மையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். மனைவியிடமும் சொல்லவில்லை. நான்கு தப்படிதானே.

இருபதாம் நாள், நேற்றுவரை நேராகப் போன ரோட்டில் புதிதாக ஆரஞ்சு பீப்பாய்களை வைத்திருந்தார்கள். நான் கவனிக்கவில்லை.

"அண்ணை, வலப்பக்கம், வலப்பக்கம்" என்றார் நண்பர்.

திருப்பினேன். வாயைத் திறந்துவிட்ட மனிதர் திரும்ப மூட வழி தெரியாமல் கொஞ்ச நேரம் டாஷ்போர்டைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "உங்கட பிள்ளை பிறகு என்ர பிள்ளையைக் கண்டவாவோ?"

ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கே, என்ன சாப்பிடுகிறார்கள் என்றும் தெரியும்.

"தெரியலையே தம்பி. அவ என்கிட்ட ஒண்ணும் சொல்றதில்ல."

"உங்களுக்கும் சொல்லுறேல்லையோ?" அவர் முழுதாக என் பக்கம் திரும்பினார். மூன்று வாரத்தில் அந்த முகத்தை நான் முன்புறமாகப் பார்த்தது அப்போதுதான். "நான் எனக்கு மட்டுந்தான் எண்டு நினைச்சன். இவ இப்ப போன் எடுத்தா நல்லா இருக்கிறன் அப்பா, வைக்கிறன் அப்பா. ரெண்டு வசனம். எண்ணிப் பாத்தனான்."

அதன்பின் கேட்வரை அவர்தான் பேசினார். பிள்ளைகள், பீப்பாய்கள், சைட்டில் புதிதாக வந்த மேனேஜர். பாஸை எடுத்துக்கொண்டே, பழைய பழக்கத்தில், "முதல் டெஸ்ட் முடிஞ்சிருக்குமே, உங்கட பிள்ளைக்கு எவ்வளவு?" என்றார்.

"இன்னும் வரல" என்றேன்.

தொண்ணூற்று நான்கு. அதைச் சொல்லாமல் விழுங்குவது மிகவும் சிரமமாக இருந்தது.