ரசமட்டத்தின் இடது கண்

தச்சுப் பட்டறையில் அவளுக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர். மட்டம் பார்க்கிற அந்தக் கருவியின் பெயரை வைத்தவர் புருஷன்தான். பலகையைத் தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடி, விளிம்போடு பார்வையை ஓடவிட்டு, "கோணல் இருக்கு, இன்னும் இழைங்க" என்பாள். முணுமுணுத்துக்கொண்டே இழைப்பார். ஒரு தடவையாவது அவள் சொன்னது தப்பியிருந்தால் மனுஷன் ஊரைக் கூட்டியிருக்க மாட்டாரா!

அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி கண்ணை மூடினால் யாருக்குச் சந்தேகம் வரும்? அவளுக்கு அதுவே வசதியாகப் போயிற்று. கொஞ்ச நாளாக எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. இடது கண்ணை மூடினால் ஒன்றாகிவிடும். யாரிடமும் சொல்லாமல் அந்தக் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்த்தாள். முன்பு மார்பில் புற்றுநோய் வந்து அறுவை செய்தபோது அழுதது அவளில்லை, அவர்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில், தனியாக, தூணைப் பிடித்துக்கொண்டு. அதை இன்னொரு தரம் தாங்க அவளுக்குத் தெம்பில்லை, பாவம்.

குட்டு வெளிப்பட்டது சாப்பாட்டு நேரத்தில். இடது கண்ணை மூடியபடியே அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி, நான் பலகையா? கோணலா இருக்கேனா?"

சிரித்த சிரிப்பில் மறந்துபோய் இரண்டு கண்ணையும் திறந்து தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் டம்ளரை விட்டு மேஜையில் ஓடியது. அவர் எழுந்து வந்து அவள் முகத்தை நிமிர்த்தினார். விரலைக் காட்டி அசைத்தார். வலது கண் கூடவே போனது. இடது கண் நின்ற இடத்திலேயே நின்றது.

"பக்கத்துலயே இருந்தேனே! வேலைக்குத்தான் மூடுறேன்னு நெனச்சேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா மெதுவாகத்தான் சொன்னார். "பழைய நோய்தாம்மா. கண்ணை அசைக்கிற தசைக்குப் பரவியிருக்கு. முழுசா போகாது. மருந்து குடுத்துக் கட்டுக்குள்ள வைக்கப் பாக்கலாம்." இரட்டையாகத் தெரியாதிருக்க இடது கண்ணுக்கு ஒரு மறைப்புக் கட்டி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தும் அவர் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கம் நகரப் பார்த்தார். அவள் மறைப்பை அவிழ்த்தாள்.

"ஏன் அவுக்கற? ரெண்டு ரெண்டா தெரியுமே."

"தெரியட்டும். ஒரு ஆளைக் கட்டி மேய்க்கவே உசுரு போச்சு, இப்ப ரெண்டு பேரு" என்று சிரித்தாள். பிறகு அவர் கையைப் பிடித்தாள். "அழறதா இருந்தா ரெண்டு பேரும் இங்கயே அழுங்க. வராந்தாவுக்கு எந்திரிச்சுப் போகாதீங்க."

அவர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.