ஐஸில் வைத்த செல்கள்

உடம்பின் செல்களை மைக்ரோஸ்கோப்பில் படம் பிடிப்பது என் தொழில். கல்யாண போட்டோகிராபராவது "கொஞ்சம் அசையாம நில்லுங்க" என்று சொல்லலாம், எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. ஒப்பந்த வேலையில் வதைபடும் தோழர்களே, இது உங்களுக்குப் புரியும்.

ஒரு மணி நேரக் கூத்து

மும்பை செம்பூர் ஆய்வுக்கூடத்தில் என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. மாநாட்டில் மாட்டப்போகும் ஆய்வுப் போஸ்டரில் என் பெயர் வந்தால்தான் நீட்டிப்பு. படம் பிடிக்க வேண்டியது செல்லின் எலும்புக்கூட்டை. சாதாரண நாளில் அதன் நுண்குழாய்கள் வலைபோலப் பரவிக் கிடக்கும். செல் இரண்டாகப் பிரியும்போது அந்த வலையைக் கலைத்துவிட்டு, இரு முனைகளிலிருந்து நூல் நூற்கும் கதிர் மாதிரி, கதிர்கோலாகக் கட்டிக்கொள்ளும். குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுத்ததும் அதையும் கலைத்துவிடும். எல்லாம் ஒரு மணி நேரம்தான். தாராவியில் தோல் பை தைக்கும் வாப்பாவிடம் இதைச் சொன்னேன். "கட்டுததும் பிரிக்கதுமா இருந்தா நீ எப்பளா படம் புடிப்ப?"

ரமணன் சாரின் அக்கறை

சீனியர் ரமணன் சார், மாட்டுங்காக்காரர், இத்தனை வருஷமும் புரதத்தோடு வேலை பார்த்தவர். வெளியே இருந்தால் புரதம் கெட்டுவிடும் என்பதால் புரதக்காரர்களுக்குக் கை தானாக ஐஸுக்குப் போகும். நுண்குழாய்க்கு ஐஸ் ஆகவே ஆகாது, குளிர்ந்தால் உதிர்ந்துவிடும். மைக்ரோஸ்கோப்பைச் சூடுபடுத்த நான் போன இருபது நிமிடத்தில், நான் செல் வளர்த்த தட்டுகள் அத்தனையையும் மனுஷன் ஐஸில் வைத்துவிட்டார். பார்த்தால் செல்லில் ஒரு குழாய்கூட மிச்சமில்லை. அவரோ, "வெளியிலயே கிடந்ததேன்னு எடுத்து வச்சேன்மா, ஒரு தேங்க்ஸ் சொல்லப்படாதோ?"

ஐடியா யாருடையது?

தட்டுகளைத் தூக்கி எறியத்தான் எடுத்தேன். பிறகு, குளிர் போனால் குழாய் திரும்ப வருமா என்று பார்க்க ஒரு தட்டை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தேன். பிரிந்துகொண்டிருந்த ஒரு செல்லில், இரு முனைகளிலிருந்தும் குழாய்கள் துளிர்த்து நீண்டன. சில நிமிடங்களில் முழுக் கதிர்கோல்! நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தேன். கட்டுமானம் எங்கே தொடங்குகிறது என்று பளிச்சென்று தெரிந்தது. எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் துள்ளிக் குதித்தார். போஸ்டர் வந்தது, அதில் ரமணன் சார் பெயர்தான் இருந்தது. ஏன் என்று தலைவரிடம் சத்தமாகவே கேட்டேன். "ஐஸ் ஐடியா அவரோடது, நீ சூடுதானே பண்ணின?"

வாப்பா பார்த்த படம்

போனில் போஸ்டரைக் காட்டினேன். வாப்பா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, அடியில் என் பெயரைத் தேடினார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தார். "நாந்தான் தைக்க பையில எல்லாம் அடுத்தவன் பேர ஒட்டுதேன், நீ இம்புட்டுப் படிச்சும் அதேதானாளா?"

செல்லின் எலும்புக்கூட்டை ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவி எங்களிடம் இருக்கிறது, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவளைப் பார்க்கத்தான் இன்னும் ஒன்றும் வாங்கவில்லை.