துரைக்கு ஒரு வரி

குன்னத்தில் அரியலூர் பஸ்ஸுக்காக நிற்கிறேன். இரண்டு நாளுக்கு மேல் எந்த ஊரிலும் எனக்கு இருப்புக் கொள்ளாது. பக்கத்தில் நிற்பவருக்கு உடம்பு முழுக்க வெண்புள்ளி படர்ந்து வெள்ளைக்காரர் போலவே இருக்கிறார். நாடகத்தில் துரை வேஷம் கட்டுகிறவராம். நாலு சினிமாவிலும் பேசாமல் குதிரைமேல் வந்துபோயிருக்கிறார்.

"இங்கிலீசு தெரியுங்களா?"

"எங்க தெரியுது? சிமெண்டு மூட்டையில இருக்கறத ஒருத்தர்கிட்ட கேட்டு மனப்பாடம் பண்ணிட்டேன். 'கீப் இன் டிரை பிளேஸ்'னு கத்துனா, தூக்குல போடச் சொல்றான்னு சனம் அழுவும்."

இன்று சினிமாவில் முதன்முதலாகப் பேச வேண்டுமாம். சரியாகச் சொன்னால் படம் முழுக்க வருவார். சொதப்பினால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள். கசங்கிய தாளை நீட்டுகிறார். எட்டாவதோடு நின்ற நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன்.

"ஐ ஆம் சாரி, மதர். மன்னிச்சிடு தாயேன்னு அர்த்தம்."

சொல்லிப் பார்க்கிறார். தூக்கில் போடும் அதட்டல்தான் வருகிறது. மூன்று தடவையும் அதேதான்.

டீக்கடைக்காரர் சிரிக்கிறார். "யோவ் தொர, மன்னிப்பு கேக்குறியா, மாடு ஓட்டுறியா?"

பஸ் வருகிறது. ஏறும் அவசரத்தில், வெங்காயச் சாக்கோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் காலை மிதித்துவிடுகிறார். அந்தம்மாள் "ஆ" என்று அலறுகிறாள். துரை பதறிக் குனிகிறார்.

"ஐ ஆம் சாரி, மதர்."

குரலில் அந்த அதட்டலே இல்லை. அவளுக்கு இங்கிலீஷ் எங்கே தெரியப்போகிறது?

"போவுது வுடுங்க. ஒக்காருங்க" என்று சாக்கை இழுத்து இடம் விடுகிறாள்.

அவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி நிற்கிறார். உதடு மட்டும் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது.