சிவமண்ணைக்கு மறுத்த மருந்து

1. முதல் நாள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ரொறன்ரோ சைனா ரவுணில் ஒரு மூலிகைக் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. முதலாளி மிஸ் லின் நாடி பார்த்து மருந்து எழுதுவார். நான் வேர், பட்டைகளைத் தராசில் நிறுத்துப் பொட்டலம் கட்டுவேன். இருவருக்கும் அரைகுறை இங்கிலிஷ். அவர் பேச்சை என் தமிழில் தருகிறேன்.

முதல் நாளே கேட்டார்: "பியென் சுவேயைத் தெரியுமோ?"

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய வைத்தியராம். முகத்தைப் பார், குரலையும் மூச்சையும் கவனி, கேள்வி கேள், பிறகு நாடியைத் தொடு என்ற முறையைச் சீன வைத்தியர்கள் அவர் பெயரில்தான் சொல்வார்கள். உடம்பைவிடக் காசைப் பெரிதாக நினைப்பவனைக் குணப்படுத்த முடியாது என்பதும் அவர் சொன்னதாம். மிஸ் லினுக்கு அது சட்டம்.

2. சிவமண்ணை

சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்த சிவம் அண்ணை. காலையில் பேக்கரி, பின்னேரம் ரெஸ்ரோரன்ற் கிச்சின். களைப்புக்கு மருந்து கேட்டு என்னோடு வந்தார். மிஸ் லின் அவருடைய வீங்கிய கண்மடல்களைப் பார்த்தார்; நாடியை நெடுநேரம் பிடித்திருந்தார்.

"கிட்னியிலை பிழை. ஹொஸ்பிற்றலுக்குப் போய் ரெஸ்ற் செய்யச் சொல்லு."

"லீவு கேட்டா வேலை போயிடும் தங்கச்சி. களைப்புக்கு ஏதும் தரச் சொல்லுங்கோ."

மிஸ் லின் தீங்கில்லாத ஒரு தேயிலைப் பொட்டலம் கொடுத்தார். சில வாரங்களில் சிவமண்ணை கால் வீக்கத்தோடு வந்தார். அப்போது மிஸ் லின், பியென் சுவேயின் கதையைச் சொல்ல, நான் தமிழாக்கினேன். ஓர் அரசனைப் பார்த்து, நோய் தோலில் இருக்கிறது என்றார் வைத்தியர், அரசன் நம்பவில்லை. பிறகு இரத்தத்தில் என்றார், குடலில் என்றார். கடைசியில் நோய் எலும்புக்குள் இறங்கியதைக் கண்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டார். அரசன் செத்துப்போனான்.

சிவமண்ணை சிரித்தார். "ராசாவுக்கு ஆர் லீவு குடுக்கோணும்? என்ரை மனுசி பிள்ளையள் கொழும்பிலை. அவையளைக் கூப்பிடுற ஸ்பொன்சர் சரிவருமட்டும் நான் படுக்கேலாது."

அடுத்த முறை வந்தபோது மிஸ் லின் நான் கட்டிய பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "காசு பெரிசு எண்டிற ஆளுக்கு மருந்தில்லை."

"அவருக்குக் காசாசை இல்லை, பிள்ளைகளுக்காகத்தான்" என்றேன்.

"மறுத்தாத்தான் பயந்து ஹொஸ்பிற்றலுக்குப் போவார்."

"விடுங்கோ தங்கச்சி" என்று சிவமண்ணை எழுந்து போனார். பிறகு வரவேயில்லை.

3. டயாலிசிஸ் அறை

பேக்கரியில் மயங்கி விழுந்தார். இரண்டு கிட்னியும் போய்விட்டன. வேலை நின்றது, ஸ்பொன்சரும் நின்றது. நானும் மிஸ் லினும் பார்க்கப் போனோம். மிஷினோடு படுத்திருந்தவர் எங்கள் மீது கோபப்படவில்லை.

"வேறை கடைக்காரன் ஒரு கேள்வி கேக்காமல் மருந்து தந்தவன். நீங்கள்தான் ஹொஸ்பிற்றல், ஹொஸ்பிற்றல் எண்டு கரைச்சல் தந்தனீங்கள். இன்னும் கொஞ்சம் கரைச்சல் தந்திருந்தா, உங்கடை ஆக்கினை தாங்கேலாமல் ஹொஸ்பிற்றலுக்குப் போயிருப்பன்."

இதை மிஸ் லினுக்கு எப்படிச் சொல்வதென்று தயங்கினேன். ஒரு சொல்லும் விடாமல் சொல்லும்படி மிஸ் லின் கேட்டார். சொன்னேன்.

வெளியே வந்ததும் மிஸ் லின் சொன்னார்: "அந்த ராசாவுக்கு வேறை வைத்தியர்மாரும் இருந்திருப்பினம். இவருக்கு உண்மையைச் சொன்னது எங்கடை கடை மட்டும்தான்."

அதன்பின் அந்தக் கடையிலிருந்து யாரையும் நாங்கள் திருப்பி அனுப்பவில்லை. சொன்னதைக் கேட்காதவர்களுக்கும் உட்காரக் கதிரை போட்டோம். இதுபோன்ற கடைகளில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கப்போகும் பிள்ளைகளே, சொல் கேளாதவர் மறுபடி வருகிறார் என்றால், இன்னொரு முறை சொல்ல இடம் தருகிறார் என்று அர்த்தம். சிவமண்ணை அப்படி இரண்டு தரம் இடம் தந்தார்.