கரி துடைத்த பதினோரு முகங்கள்

வியாழக்கிழமை சாயங்காலம் என்றாலே எனக்கு எரிச்சல் ஆரம்பித்துவிடும். மறுநாள் வெள்ளி, எல்லாருக்கும் லீவு. துறைமுகத்துப் பக்கமிருந்த கேம்ப்களிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் ஓமானின் சோஹார் கடைத்தெருவில் வந்து இறங்குவார்கள். விசாவுக்கு, லேபர் கார்டுக்கு, ஊருக்கு அனுப்ப என்று எங்கள் ஸ்டுடியோ வாசலில் கூட்டம் நிற்கும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் அந்த ஆங்கிலேயர் ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு உள்ளே நுழைவார்.

அவர் புதுத் துறைமுகத்தில் பெரிய இன்ஜினியர். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அந்த டின்னுக்குள் அவருடைய ஊர் இருந்தது. இங்கிலாந்தின் வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். சுரங்கத்தை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்த ஊரின் கதையை அவர் ஒரு சின்னப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்களிடம் இரவல் வாங்கி வந்த போட்டோக்களை ஸ்கேன் செய்து, மடிப்பு, கீறல், பூஞ்சை எல்லாவற்றையும் எடுத்துச் சரிசெய்து தருவது என் வேலை.

"வெள்ளக்காரரு வந்துட்டாரு தம்பி, சேரப் போடு" என்பார் முதலாளி. அவர் கீழக்கரைக்காரர். வரிசையில் நிற்கிற நம் ஆட்களுக்கு ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. இவருக்கு மட்டும் சுழல் நாற்காலி, கூடவே டீ.

உட்கார்ந்ததும் பேச்சு ஆரம்பிக்கும். மேட்டில் ஏறிப்போகும் ஒரே தெரு. கூட்டுறவுக் கடை, கசாப்புக் கடை, மீன் வறுத்து விற்கும் கடை, ஊர் பேண்டுக்காரர்கள் வாசித்துப் பழகும் கொட்டகை. இரண்டு தேவாலயங்கள், ஒன்றுக்குப் போகிறவன் இன்னொன்றின் வாசலை மிதிக்கமாட்டானாம். சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்திருக்குமாம், பிள்ளைகள் தகரத்தில் உட்கார்ந்து அதன் உச்சியிலிருந்து சறுக்கி வருவார்களாம். திங்கட்கிழமை துணி காயப்போடும் நாள், காற்று திசை மாறினால் வெளுத்த துணியெல்லாம் கறுத்துப்போய்ப் பெண்கள் சுரங்க மேனேஜரைத் திட்டுவார்களாம். சுரங்கத்தில் குளியலறை கட்டுவதற்கு முன்னால் ஆண்கள் கரியோடு வீட்டுக்கு நடந்து வந்து, கணப்பு அடுப்புக்கு முன்னால் போட்ட தகரத் தொட்டியில்தான் குளிப்பார்களாம்.

இதெல்லாம் எனக்கு இன்றைக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு நான் காதில் வாங்கவில்லை. "யெஸ் சார், யெஸ் சார்" என்று சொல்லிக்கொண்டே கண்ணை வாசலில் வைத்திருந்தேன். அங்கே ஒருவன் மணியைப் பார்த்துக்கொண்டிருப்பான். கேம்ப் பஸ்ஸை விட்டுவிட்டால் அவனை யார் கொண்டுபோய் விடுவது? உங்கள் ஊரில் மீன் வறுத்த கதை எனக்கெதற்கு என்று மனதுக்குள் பொருமிக்கொண்டிருப்பேன்.

எங்கள் ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. சைட்டிலிருந்து அப்படியே வருகிறவனை முதலில் வாஷ்பேசினுக்கு விரட்ட வேண்டும். சோப்பு, சீப்பு, பவுடர் டின் எல்லாம் கண்ணாடிக்குக் கீழே இருக்கும். ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டும் கட்டிய நிலையிலேயே ஒரு டையும் தொங்கும். சோஹாரில் வேலை பார்த்த பாதித் தமிழர்கள் அந்த ஒரே கோட்டில்தான் ஊரில் பிரேம் போட்டு மாட்டப்பட்டிருக்கிறார்கள். போட்டோ எடுத்த பிறகு என் கைவேலை. பரு, தழும்பு, வெயில் கறுப்பு, கண்ணுக்குக் கீழே குழி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் துடைத்து, இரண்டு படி வெளுக்க வைக்க வேண்டும். "அண்ணே, கொஞ்சம் கலரா வர்ற மாதிரி போடுங்கண்ணே, பொண்ணு வீட்டுக்கு அனுப்பணும்" என்று கெஞ்சுகிறவனுக்கு மூன்று படி.

ஆங்கிலேயர் ஒவ்வொரு போட்டோவின் பின்னாலும் ஒரு சீட்டு ஒட்டித் தருவார். இங்கே மடிப்பு, அங்கே மைக்கறை என்று எழுதியிருக்கும். ஒரே ஒரு போட்டோவில் மட்டும் சீட்டு இல்லை. அதில் ஒரு கீறல்கூடக் கிடையாது. "இதைப் பெரிதாக்கினால் போதும். புத்தகத்தின் நடுவில் இரண்டு பக்கத்துக்கு வரப்போகிறது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. என்றைக்கும் வாய் ஓயாத மனிதர் அந்த ஒரு போட்டோவுக்கு மட்டும் கதை சொல்லாமல் போனார்.

சுரங்க வாசலில் பதினோரு பேர் நிற்கும் படம். கையில் ஹெல்மெட், முகமெல்லாம் கரி. கண்ணின் வெள்ளையும் பல்லும், ஹெல்மெட் மறைத்திருந்த நெற்றியும்தான் வெளுப்பாகத் தெரிந்தன. எனக்குப் பாவமாக இருந்தது. யாரோ அவசரக்குடுக்கை அவர்களை முகம் கழுவக்கூட விடாமல் நிறுத்தி எடுத்துவிட்டான் என்றே நினைத்தேன். இந்த மாதிரி ஒரு படத்தை நான் எடுத்திருந்தால் முதலாளி அன்றைக்கே என்னை ஊருக்கு பிளைட் ஏற்றியிருப்பார்.

இரண்டு வெள்ளிக்கிழமை காலைகள், கடை பூட்டியிருந்த நேரத்தில், துணி துவைப்பதையும் வீட்டுக்குப் போன் பேசுவதையும் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தேன். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன். பதினோரு முகங்களையும் ஒவ்வொன்றாகக் கழுவினேன். கன்னத்துக்கு வெளிச்சம் கொடுத்தேன், உதட்டுக்கு வடிவம் கொடுத்தேன், இருந்த கோடுகளையெல்லாம் எடுத்தேன். முடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. கல்யாணத்துக்குக் கிளம்பி நிற்பதுபோல் பளிச்சென்று நின்றார்கள். அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு நுணுக்கமாக வேலை செய்ததில்லை.

மற்றப் படங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த ஆங்கிலேயர், இதை மட்டும் பார்க்கவில்லை. பெரிதாக்கியதைத் தவிர இதில் வேறு என்ன இருக்கப்போகிறது என்ற நம்பிக்கை. சிடியை அப்படியே இங்கிலாந்தில் இருந்த அச்சகத்துக்கு அனுப்பினார். இரவல் வாங்கிய படங்களை அவரவருக்குத் தபாலில் திருப்பினார். பிறகு புத்தக வெளியீட்டுக்கென்று லீவில் ஊருக்குப் போனார்.

ஒரு மாதம் கழித்து, கூட்டமே இல்லாத ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்து நின்றார். கையில் டின் இல்லை, புத்தகம் இருந்தது. நடுப்பக்கத்தைப் பிரித்து என் மேஜையில் வைத்தார்.

"யார் உன்னை இதைச் செய்யச் சொன்னது?"

நான் பாராட்டுக்காகக் காத்திருந்தவன். "அழுக்காக இருந்தது சார்" என்றேன்.

"அது அழுக்கில்லை. அது என் அப்பா."

இடமிருந்து நான்காவது ஆள் அவர் அப்பா. இவருக்குப் பதினாறு வயதிருக்கும்போது செத்துப்போனவர். வேலைக்கோலத்தில் அவர் நின்ற ஒரே படம் அதுதானாம். அந்த மனிதர்களை அவர்கள் இருந்தபடியே ஊருக்குக் காட்டவேண்டும் என்றுதான் புத்தகமே எழுதியிருக்கிறார். வெளியீட்டு நாளன்று ஊர் மன்றம் நிறைய ஆட்கள். பழைய சுரங்கத்தொழிலாளி ஒருவர் நடுப்பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இவர்களெல்லாம் எந்த பாங்கில் வேலை பார்த்தார்கள்?" என்று கேட்டாராம். மன்றமே சிரித்ததாம். சொல்லும்போது அவர் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது.

"ஒரிஜினல் போட்டோ இருக்கும்ல சார், திரும்ப ஸ்கேன் பண்ணிடலாம்" என்றேன். அதைக் கொடுத்த கிழவி தபால் போய்ச் சேர்வதற்குள் இறந்துவிட்டாள். பிள்ளைகள் வீட்டைக் காலி செய்தபோது பிரிக்காத கவரோடு குப்பையில் போட்டுவிட்டார்கள். "உன்னிடம் முதல் ஸ்கேன் இருக்குமே?" என்றார். இல்லை. கம்ப்யூட்டரில் இடம் போதாது, முடித்ததை மட்டும் வைத்துக்கொள் என்பது முதலாளியின் சட்டம். நான்தான் அழித்திருந்தேன்.

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "ஒனக்கு எதுக்குத் தம்பி இந்த வேல? சொன்னத மட்டும் செஞ்சா போதாதா? பெரிய பார்ட்டிய இப்புடிக் கெடுத்து வச்சிருக்கியே" என்றார். தினமும் வெளு வெளு என்று உயிரை எடுத்த மனிதர் இவர். ஆங்கிலேயர் எதிரில் அதை எப்படிச் சொல்வது?

கடைசியில் ஆங்கிலேயர்தான் கேட்டார். "கரியைத் திரும்பப் போட முடியுமா? இன்னொரு முறை அச்சடிக்கிறேன்."

முடியும் என்றேன். எடுப்பது சுலபம், போடுவது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. வெறும் கறுப்பை அப்பினால் முகமூடி போட்டதுபோல் இருந்தது. தூசி எங்கே தங்கும், வியர்வை எங்கே கோடு இழுக்கும் என்று பார்த்துச் செய்ய எனக்கு ஒரு நிஜ முகம் வேண்டியிருந்தது.

அறந்தாங்கிப் பக்கத்துப் பையன் ஒருவன் துறைமுகத்தில் இரும்பின் துருவைத் தட்டிச் சுரண்டும் வேலை பார்த்தான். டூட்டி முடிந்து நேராக வந்தவனை, "அப்படியே நில்லு" என்றேன்.

"என்னண்ணே, ரெண்டு வருசமா கழுவிட்டு வா, கழுவிட்டு வான்னு வெரட்டுனீங்க. இப்ப கழுவாம நிக்கச் சொல்றீங்க. வெளையாடுறீங்களா?"

"ஒரு வேலைக்குடா. ரெண்டு நிமிஷம்."

"ஊருக்குப் போயிராதுல்ல? எங்கம்மா பாத்துச்சுன்னா சோறு திங்காதுண்ணே. ஏசி ரூம்ல உக்காந்து எழுதுற வேலன்னு சொல்லி வச்சிருக்கேன்."

எடுத்தேன். மூக்கின் இரு பக்கமும் திட்டாக, இமையோரம் மை தீட்டியதுபோல், கழுத்து மடிப்பில் வரி வரியாக. இத்தனை வருஷம் துடைத்த முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். வேலை முடிந்ததும், அவன் வந்து பக்கத்தில் நின்று வற்புறுத்தியதால், அவன் கண்ணெதிரிலேயே அந்தப் படத்தை அழித்தேன்.

ஐந்து வியாழக்கிழமைகள் ஆங்கிலேயர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "தாடையில் குறை. கண்ணைச் சுற்றிக் கூட்டு" என்று மட்டும் சொல்வார். ஊர்க்கதை பேசவில்லை. திட்டியிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். பத்து முகங்கள் ஒருவழியாக வந்தன. நான்காவது முகத்தில் மாட்டிக்கொண்டோம்.

சுரங்கத்தில் காயம்பட்டால் கரி உள்ளே போய்த் தோல் மூடிக்கொள்ளுமாம். நீலக் கோடாகச் சாகும்வரை இருக்குமாம். அப்பாவின் புருவத்துக்கு மேலே அப்படி ஒன்று இருந்தது. ஹெல்மெட் மறைத்த இடத்தில் கரி படியாததால் படத்தில் அது தெளிவாகத் தெரிந்ததாம். அதையும் நான் தழும்பென்று துடைத்திருந்தேன்.

"எந்தப் புருவம் சார்?"

அவர் கை நெற்றிக்குப் போனது. இடது புருவத்தைத் தொட்டார். பிறகு வலதைத் தொட்டார். அப்பாவின் மற்றப் படங்கள் கல்யாணத்துக்கும் காயத்துக்கும் முந்தியவை, அல்லது தொப்பி போட்டவை. "இடது என்று நினைக்கிறேன். என் அக்கா வலது என்கிறாள். இரண்டு வாரமாக இதே சண்டை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ அதைப் பெரிதாக்கிப் பார்த்தாய். கடைசியாகப் பார்த்தவன் நீதான். எந்தப் பக்கம்?"

எனக்குத் தெரியவில்லை. அந்த மாதத்தில் எத்தனை தழும்பு துடைத்திருப்பேன். எது யாருடையது என்று யார் பார்த்தார்கள்? முதலாளி கல்லாவிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் கூட்டம். இது இன்றோடு ஒழிந்தால் போதும் என்றிருந்தது. இவர் இடதை விரும்புகிறார் என்பதும் தெரிந்தது.

"இடது சார். நல்லா ஞாபகம் இருக்கு."

அவர் என் தோளைப் பிடித்து அழுத்தினார். அந்தக் கணமே மொபைலை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார். "பார்த்தவனே சொல்கிறான், இடதுதான்" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். அக்கா என்னோடு பேசவேண்டுமாம்.

வயதான குரல். மெதுவாக, எனக்குப் புரியவேண்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "நிச்சயமாகத் தெரியுமா? ஏன் கேட்கிறேன் என்றால், சின்ன வயதில் அப்பா மடியில் படுத்து அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டேதான் தூங்குவேன். என் கை வலது பக்கம் போனதாகத்தான் ஞாபகம்."

அவள் சொன்னதுதான் சரி என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நான் பார்த்தது ஒரு நிமிஷம், அவள் தடவியது வருஷக்கணக்காக. உண்மையைச் சொல்ல இன்னும் நேரம் இருந்தது.

"நிச்சயம் மேடம். இடது" என்றேன்.

"அப்படியானால் நான்தான் இத்தனை காலம் தப்பாக நினைத்திருக்கிறேன். நன்றி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நான் மவுஸை எடுத்து இடது புருவத்துக்கு மேலே கோட்டை வரைந்தேன்.