எல்லாவற்றுக்கும் ‘யெஸ்’

இன்று மாமல்லபுரத்தில், ஊரிலிருந்து வரும் சம்பந்திக்காக ஓர் ஓட்டலில் ரூம் கேட்கப் போனேன். கவுண்டரில் டை கட்டிய ஒருவர்.

“கடல் தெரியுமாப்பா?”

“யெஸ் சார்.”

“சத்தமில்லாம இருக்குமா?”

“யெஸ் சார்.”

அந்த யெஸ்ஸை எனக்குத் தெரியும்.

எழுபதுகளில் இதே ஊரில் ஒரு லாட்ஜில் நான் கிளார்க். முதலாளி ஓர் ஆங்கிலப் புத்தகம் வாங்கித் தந்தார். “மனப்பாடம் பண்ணு. வெள்ளக்காரன் எவனாவது ரூம் எடுக்காம திரும்பிப் போனான்னா, நீயும் அவன் பின்னாலயே போய்கினே இரு.”

பண்ணினேன். ரூம் காலியா, வெந்நீர் வருமா, அமைதியாக இருக்குமா... எல்லாமே ரூம் கேட்டு வருபவனுக்கான வாக்கியங்கள். பதில் சொல்பவனுக்கு ஒரு வரிகூட இல்லை.

ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். புத்தகத்தில் இருந்ததையே கேட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரே பதில் யெஸ்.

வெந்நீரை அடுப்பில் காய்ச்சி மாடிக்குத் தூக்கினேன். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பக்கத்துச் சிற்பப் பட்டறையில் உளிச் சத்தம் ஆரம்பித்தது. இருவரும் இறங்கி வந்து வேறு ரூம் உண்டா என்றார்கள்.

கிடையாது. ஆனால் முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யெஸ் என்றேன். பின்கட்டில் நான் தங்கியிருந்த அறையைக் கொடுத்தேன். ஒன்பது நாள் கவுண்டருக்கு அடியில் படுத்தேன்.

அதனால் இன்று டைக்காரரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: “அதெல்லாம் கெடக்கட்டும். உனக்குப் படுக்க எடம் கீதாப்பா?”

“யெஸ் சார்.”

நீங்கள் யாருக்கு யெஸ் சொல்லிவிட்டு எங்கே படுத்தீர்கள்?